நாற்பதைத் தாண்டிய இதயத்துக்கு வேகம் முக்கியமா, அளவு முக்கியமா?

எடை கூடிப்போன நடுவயதினர் உடற்பயிற்சி தொடங்கும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதல் வாரமே மூச்சு முட்ட ஓடுவார்கள்; சில வாரங்களில் முழங்கால் வீங்கி, எல்லாம் நின்றுபோகும். இதயம் பழகும் வேகத்துக்கு மூட்டும் தசைநாணும் பழகாது. அதனால் முதலில் நேரத்தைக் கூட்ட வேண்டும், பிறகுதான் தீவிரத்தை.

இதற்கு ஆதாரமும் உண்டு. டியூக் பல்கலைக்கழகத்தின் 'ஸ்ட்ரைட்' ஆய்வில் (2002), உடலுழைப்பில்லாத, எடை கூடியவர்களை மூன்று விதமாகப் பயிற்சி செய்யவைத்தார்கள்: வாரம் ஏறக்குறைய 32 கி.மீ. மெதுவோட்டத்துக்கு ஈடான உழைப்பு, 19 கி.மீ. மெதுவோட்டம், 19 கி.மீ. வேகநடை. ரத்தக் கொழுப்பில் பெரிய முன்னேற்றம் 32 கி.மீ. குழுவுக்கே கிடைத்தது. 19 கி.மீ.யை ஓடிக் கடந்தவர்களுக்கு, நடந்தவர்களைவிடப் பெரிதாக எதுவும் கூடுதலாகக் கிடைக்கவில்லை. ரத்தக் கொழுப்பைப் பொறுத்தவரை பயிற்சியின் மொத்த அளவுதான் கணக்கு.

தீவிரம் வேலை செய்யும் இடம் வேறு: உடல் உச்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன், அதாவது 'விஓ2 மேக்ஸ்'. நன்றாக மூச்சு வாங்கும் அளவுக்கு உழைத்துப் பழகினால், ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் ரத்தம் கூடுகிறது. அதே படிக்கட்டை ஏற முன்பைவிடக் குறைந்த துடிப்பு போதும்.

உங்கள் எல்லையைக் கணக்கிட, 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழியுங்கள். 50 வயதுக்கு உச்சத்துடிப்பு 173. இது சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புக்கு மேலும் மாறலாம். ஓய்வுத்துடிப்பு 76 என்றால் இடைவெளி 97. அதில் 40 முதல் 59 சதவீதத்தை 76உடன் கூட்டினால், மிதமான பயிற்சிக்கு 115 முதல் 133 வரை வரும். கணக்கு பிடிக்காதவர்களுக்கு: பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் தீவிரம். துடிப்பைக் காட்டும் மணிக்கட்டுக் கடிகாரத்தைவிட இந்தப் பேச்சுச் சோதனையை நான் அதிகம் நம்புவேன். கடிகாரம் சிலநேரம் துடிப்பை விட்டுவிட்டு நடையின் தாளத்தை எண்ணிக்கொண்டிருக்கும்.

வாரம் ஐந்து நாள், 15 நிமிட நடையில் தொடங்கி 30 நிமிடத்துக்கு வாருங்கள். உலக சுகாதார அமைப்பு சொல்லும் வாரம் 150 நிமிடம் அதுதான். ஓரிரு மாதம் அது சிரமமில்லாமல் நடந்த பிறகு, வாரத்தில் ஒரு நாள் மட்டும் இடைவெளிப் பயிற்சி: 10 நிமிடம் உடலைச் சூடாக்கி, 4 நிமிடம் உச்சத்துடிப்பின் 85 சதவீதத்துக்கு மேல், 3 நிமிடம் மெதுவாக, இப்படி நான்கு சுற்று. ஓட வேண்டாம். ட்ரெட்மில்லின் சரிவை உயர்த்தி நடந்தாலோ சைக்கிள் மிதித்தாலோ துடிப்பு ஏறும், முழங்காலில் இடி விழாது. முதல் சுற்றிலேயே முழுபலத்தையும் போடுகிறவர்கள் மூன்றாவது சுற்றில் படுத்துவிடுவார்கள். முடித்ததும் சட்டென்று நிற்காதீர்கள். விரிந்த ரத்தக்குழாய்களோடு ரத்தம் காலில் தேங்கித் தலைசுற்றும். ஐந்து நிமிடம் மெல்ல நடங்கள்.

பீட்டா பிளாக்கர் (ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் ஒருவகை மருந்து) சாப்பிடுகிறவர்களுக்கு மேலே சொன்ன எண்கள் பொருந்தாது, மருந்து துடிப்பை ஏறவிடாது. அவர்களுக்குப் பேச்சுச் சோதனைதான் வழி. சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர்கள் இடைவெளிப் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, மயக்கம் வந்தால் உடனே நிறுத்துங்கள். ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள். குறைந்துவிட்டாலும் மருத்துவரைப் பார்க்காமல் அடுத்த நாள் பயிற்சிக்குப் போகாதீர்கள்.