‘தப்பா எதுவும் பண்ணிடாதே’ என்று சொல்லிப் பழகிய வாய்

திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் நான் துணை வார்டன். முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். தற்கொலைத் தடுப்புப் பயிற்சிக்கு ஓர் ஆளை அனுப்பச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தபோது, அந்த இரண்டு நாளும் தேர்வு வேலை இல்லாமல் இருந்தது நான் மட்டும்தான். அதனால் போனேன். சேவை, ஆர்வம் என்றெல்லாம் சொன்னால் பொய்.

பயிற்சிக்கு ‘கேட்கீப்பர் டிரெய்னிங்’ என்று பெயர். கேட்டதும் எங்கள் வாட்ச்மேன் அண்ணன்தான் கண்முன் வந்தார். பிறகு பார்த்தால் அது அப்படியொன்றும் தப்பான நினைப்பு இல்லை. தவித்துக்கொண்டிருக்கும் ஒருவர் மனநல மருத்துவரிடம் போவதற்கு முன்னால் யார் யார் கண்ணிலோ படுகிறார். அந்த ‘யார் யாரோ’வுக்குத்தான் இந்தப் பயிற்சி. அடையாளம் காண், நேராகக் கேள், உதவி கிடைக்கும் இடத்தில் கொண்டுபோய்ச் சேர். அவ்வளவுதான் வேலை. நோய் என்னவென்று கண்டுபிடிப்பதும் வைத்தியம் பார்ப்பதும் நம் வேலை இல்லை என்று முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

காலை முழுக்கப் படக்காட்சி. பாதி ஆங்கிலத்தில் இருந்ததால் பின் வரிசையில் கொட்டாவி. அதில் எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரே ஒரு கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுப் பதிவுப்படி, இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834. நோட்டின் ஓரத்தில் 365ஆல் வகுத்துப் பார்த்தேன். நாளைக்கு 54 பேர். ஒரு டவுன் பஸ் நிறைய, தினமும்.

மதியம்தான் உண்மையான பயிற்சி. இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தார்கள். எனக்கு ஜோடி, வேறொரு கல்லூரியின் பி.டி. மாஸ்டர். ஆறடி உயரம், விசில் இன்னும் கழுத்தில். அவர் இரண்டு பேப்பர் போன மாணவராக நடிக்க வேண்டும், நான் அவரிடம் பேச வேண்டும். மனிதர் எதற்கெடுத்தாலும் “ம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டு தரையைப் பார்த்தார். எனக்குப் பதற்றம். “ரெண்டு பேப்பர்தானப்பா, அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கலாம். அப்பா அம்மாவை நினைச்சுப் பாரு. உன் வயசுல நானெல்லாம்...” என்று போய்க்கொண்டே இருந்தேன். பயிற்சியாளர் பக்கத்தில் நின்று துண்டுத்தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் காட்டினார்: ஏழு அறிவுரை, ஒரு கேள்வி. அந்த ஒரு கேள்வியும் “சாப்டியா?”

“சாப்டியாங்கிறது நல்ல கேள்விதாங்க. ஆனா கேட்க வேண்டியது இன்னொண்ணு இருக்கே, அதைக் கேளுங்க” என்றார்.

அங்கேதான் மாட்டினேன். “தப்பா எதுவும் பண்ணிக்க மாட்டேல்ல?” என்று கேட்டேன். பயிற்சியாளர் தலையாட்டி மறுத்தார். இந்தக் கேள்வியிலேயே பதில் இருக்கிறது, ‘மாட்டேன்’ என்று சொல் என்று நாமே எடுத்துக் கொடுக்கிறோம் என்றார். அதோடு, தவிப்பவர் காதில் ‘தப்பு’ என்ற சொல்தான் முதலில் விழும். ஏற்கெனவே தன்னைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டிருப்பவர் அதற்குப் பிறகு ஏன் வாய் திறக்கப் போகிறார்? ‘விபரீத முடிவு’, ‘அந்த மாதிரி எண்ணம்’ என்று நாம் சுற்றி வளைப்பதெல்லாம் நம் பயத்துக்காக, அவருக்காக இல்லை.

அப்படியென்றால் எப்படிக் கேட்பது? “இவ்வளவு கஷ்டத்துல இருக்கும்போது சில பேருக்குச் செத்துடலாம்னு தோணும். உனக்குத் தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?” என்று அப்படியே கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்ததாகிவிடாதா என்று பாதி அரங்கம் எழுந்தது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை என்றார். கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை, உள்ளே வைத்துப் புழுங்கியவருக்குப் பல நேரம் ஆறுதலாகத்தான் இருக்கிறது என்றார். சரி, ஒப்புக்கொண்டேன். ஆனால் வாய் ஒப்புக்கொள்ளவில்லை. ‘தற்’ என்றதும் தொண்டை அடைத்தது. பி.டி. மாஸ்டர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு வேறு. தடுமாறாமல் சொல்லப் பத்துத் தடவைக்கு மேல் ஆனது.

அன்று ராத்திரி ஒரு பழைய மாணவி நினைவுக்கு வந்தாள். சில வருடம் முன்பு, சாப்பிடாமல் படுத்தே கிடந்தவளிடம், “தப்பா எதுவும் பண்ணிடாதேம்மா” என்று சொல்லிவிட்டு, “இல்ல மேம்” என்ற பதிலோடு கீழே இறங்கி வந்திருக்கிறேன். அவள் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். அப்புறம் விசாரிக்கவே இல்லை.

இரண்டாம் நாள், அடுத்து என்ன செய்வது என்பது. ஆமாம் என்று சொன்னால் தனியாக விடக்கூடாது. எப்படிச் செய்வதாக யோசித்திருக்கிறார் என்றும் கேட்டு, அதற்கான பொருளைக் கைக்கெட்டாமல் அப்புறப்படுத்த வேண்டும். ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க’ என்று கேட்டால் பண்ணக்கூடாது. எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது இதுதான். பிள்ளைகள் ரகசியம் காப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

சட்டம் பற்றியும் கொஞ்சம் சொன்னார்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017இன் 115ஆம் பிரிவுப்படி, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 1 ஜூலை 2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. ‘போலீஸ் கேஸ் ஆயிடும்’ என்ற பயத்தில் பிள்ளையை மறைத்து வைக்கும் பெற்றோருக்கு இதைச் சொன்னாலே பாதி பாரம் இறங்கும்.

சான்றிதழ் கொடுத்தார்கள். அலமாரியில் வைத்தேன்.

ஏழெட்டு வாரம் கழித்து ஒரு மாலை, மெஸ் அக்கா வந்து, “மேடம், அந்த மாடி ரூம் பொண்ணு மூணு நாளா டோக்கனை வேற யாருக்கோ குடுத்துடுது” என்றார். (அடையாளம் தெரியாதிருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) மேலே போனேன். கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் இருந்தேன். அது பெரிய வித்தை, இன்னும் எனக்குச் சரியாக வராது. அவள் மெல்ல ஏதோ சொன்னாள், வீட்டுக் கடன், அண்ணன், மார்க். அறிவுரை நாக்கு நுனிவரை வந்து நின்றது. அப்புறம் கேட்டேன். குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனால் ‘தப்பு’ என்ற சொல் வரவில்லை.

“ஆமாம் மேம்” என்றாள்.

என் போனிலிருந்தே 14416ஐ அழைத்தோம். டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு இலவச உதவி எண், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். அவள் பேசினாள், நான் ஜன்னல் பக்கம் நின்றேன். அம்மாவிடம் எதைச் சொல்வது, யார் சொல்வது என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். அந்த ராத்திரி அவளைத் தனியாக விடவில்லை. மறுநாள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இரண்டு மணி நேரம் வரிசை. அம்மா வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “கேஸ் ஏதும் ஆகுமா மேடம்?” பிறகும் வாரம் ஒரு தரம் அவளைப் பார்த்தேன், சில நாள் சும்மா டீ குடிக்க. இப்போது கடைசி வருடம் படிக்கிறாள். மாத்திரை சில மாதம் ஓடியது.

14416ஐயும், 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் 044-24640050ஐயும் அச்சடித்துக் கழிப்பறைக் கதவுகளின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம். நோட்டீஸ் போர்டு முன்னால் நின்று யாரும் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்த பயிற்சிக்கு மெஸ் அக்காவை அனுப்பக் கேட்டேன். ஆசிரியர், வார்டன் தவிர மற்றவர்களுக்கு இடமில்லை என்று பதில் வந்தது. டோக்கனைக் கவனித்தது யார் என்று எழுதி மறுபடி அனுப்பியிருக்கிறேன். அதுவரை காத்திருக்க வேண்டாமென்று, வெங்காயம் உரிக்கும் நேரத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தேன். கேள்வியை ஒரு தரம் சொல்லிப் பாருங்கள் என்றேன். அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கை துடைத்து, என் கண்ணைப் பார்த்து முதல் தடவையிலேயே கேட்டுவிட்டார்.