சூடானால் ஸ்டார்ட் ஆகாத பைக்

காலையில் ஒரே உதையில் கிளம்புகிற பைக், நன்றாக ஓடிச் சூடான பிறகு நிறுத்திவிட்டு வந்தால் மட்டும் அடம்பிடிக்கிறது என்றால், உடனே கார்புரேட்டரைக் கழற்றாதீர்கள். மக்கர் பண்ணும் அந்த நேரத்திலேயே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள் (எஞ்சின் கொதிக்கும், கை பத்திரம்), ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும்.

பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் சோக் (குளிரில் கிளம்ப பெட்ரோலைக் கூட்டித் தருவது) சரியாக விலகவில்லை, அல்லது ஃப்ளோட் ஊசி (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைப்பது) கசிகிறது. அப்போதைக்கு ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்துக்கொண்டு உதைத்தால் பெரும்பாலும் கிளம்பிவிடும். ஸ்பார்க்கே வரவில்லையா, ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயிலைப் பாருங்கள், சூட்டில் உள்ளே தொடர்பு விட்டுப்போய் ஆறினதும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டும் சரி என்றால் என் சந்தேகம் டேப்பெட் மேல்தான், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடுகிற சிறு இடைவெளி மேல். அந்த இடைவெளி குறைந்திருந்தால், சூட்டில் வால்வுத் தண்டு நீண்டு, வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம்) கசியும். டேப்பெட் சத்தமே இல்லாத எஞ்சினை நல்ல எஞ்சின் என்று பலர் நம்புகிறார்கள், எனக்கு அந்த அமைதிதான் பயம். இந்த இடைவெளியை எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, கையேட்டில் இருக்கும் அளவுக்கு வைக்க வேண்டும்.

அப்புறம், டேங்க் மூடியைத் திறந்ததும் கிளம்பினால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, ஊதிச் சுத்தம் செய்தால் போதும்.