மஹாலியாவுக்குப் பின்னால் ஒரு பியானோ

ஜனவரி 24, வெள்ளி

சர்ச் குவயர் பிராக்டீஸ் முடிந்து வீடு வர ஒன்பதரை. முன்வரிசையில் பாடும் அத்தை இன்றும் என் கீபோர்டு ரிதத்தை மதிக்கவில்லை. நான் வேகத்தை நிமிடத்துக்கு எழுபது தட்டில் வைத்தால் அவர் அறுபதில் வருகிறார். கேட்டால், "நீதான் தம்பி ஓடுறே" என்கிறார்! எரிச்சலில் சாப்பிடாமல் உட்கார்ந்து, காஸ்பல் எனும் கிறிஸ்தவப் பக்திப் பாடல்களைப் பாடிய அமெரிக்கக் கறுப்பினப் பாடகி மஹாலியா ஜாக்சனைப் போட்டேன். திங்கட்கிழமை அவருடைய நினைவு நாள்.

ஜனவரி 25, சனி

மஹாலியா 1911இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தாய் போய்விட, தாயின் சகோதரி வளர்த்தார். கண்டிப்பான வீடு, ப்ளூஸ் எனும் உலகியல் பாட்டு வாசலைத் தாண்டக்கூடாது. பெண் திருட்டுத்தனமாக ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் இசைத்தட்டு கேட்டிருக்கிறார். கேட்டாரே தவிர, கடைசிவரை ப்ளூஸ் பாடவில்லை, எவ்வளவு பணம் தருவதாகச் சொல்லியும். சிகாகோவில் துணி துவைத்தார், அழகு நிலையம் வைத்தார், பூக்கடை வைத்தார். 1947 இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றது. 1950இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற கச்சேரி அரங்கான கார்னகி ஹாலில் பாடினார். ஏமாற்றுப் பேர்வழிகளைப் பார்த்துச் சலித்ததால், பணம் ரொக்கமாகக் கைக்கு வந்தால்தான் மேடை ஏறுவார். சரியான ஆள்.

ஜனவரி 26, ஞாயிறு

ஆராதனை முடிந்ததிலிருந்து ஒரே பாட்டு: 'டேக் மை ஹேண்ட், ப்ரெஷஸ் லார்ட்'. எழுதியவர் தாமஸ் டார்சி. 1932இல் பிரசவத்தில் மனைவி இறந்தார், குழந்தையும் தங்கவில்லை. அந்தத் துக்கத்தில் வந்த பாட்டு.

கீபோர்டில் கூடவே வாசித்துப் பார்த்தேன். முடியவில்லை. மஹாலியா ஒரு சொல்லை இழுத்து, நடுவில் மூச்சு விட்டு, மறுபடி எடுக்கிறார். இங்கே எந்த ரிதம் பட்டனை அமுக்குவது? ஆனால் பியானோ தடுமாறவே இல்லை. அவர் பாடும்போது அடங்கிக் கிடக்கிறது, அவர் விட்ட இடத்தில் நாலு ஸ்வரம் வைத்துவிட்டு மறுபடி ஒதுங்குகிறது. வாசிப்பவர் மில்ட்ரெட் ஃபால்ஸ், இருபது ஆண்டுகள் போலக் கூட இருந்தவர். காசு விஷயத்தில் அத்தனை கறாரான மஹாலியா, இவருக்குக் கொடுத்தது குறைவுதான் என்று படித்தபோது மனசு கொஞ்சம் கசந்தது. நானும் பின்னால் உட்கார்ந்து வாசிப்பவன் இல்லையா.

ஜனவரி 27, திங்கள்

1963, கறுப்பினத்தவரின் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணி. மார்ட்டின் லூதர் கிங் எழுதி வைத்ததைப் பேசிக்கொண்டிருக்க, "அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள், மார்ட்டின்" என்று மஹாலியா பின்னாலிருந்து குரல் கொடுத்ததாக அருகில் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தே ஆண்டில் கிங்கின் இறுதிச்சடங்கில் அதே 'ப்ரெஷஸ் லார்ட்' பாட வேண்டி வந்தது. 1972இல் மஹாலியா போனபோது, சிகாகோவில் நடந்த இறுதிச்சடங்கில் அதைப் பாடகி அரிதா ஃப்ராங்க்ளின் பாடினார்.

அதற்கு முந்தைய ஆண்டு மஹாலியா நம் மெட்ராஸிலும் வந்து பாடியிருக்கிறார்! அப்பாவிடம் சொன்னேன். "அப்போ நமக்கு டிக்கெட் எடுக்க எங்கேடா காசு?" என்றார்.

ஜனவரி 31, வெள்ளி

பிராக்டீஸில் ரிதத்தை அணைத்துவிட்டேன். கீபோர்டைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, அத்தையின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்செடுக்கும்போது அது லேசாக எழும்புகிறது. அதைப் பிடித்துக்கொண்டால் போதும். மூன்றாவது சரணத்தில் ஒரு இடத்தில் முந்திவிட்டேன். அத்தை கண்ணைத் திறக்காமலேயே கையை உயர்த்தி, இரு என்றார். இருந்தேன்.