கலோ மலைப்பாதையும் அத்தையின் மாத்திரையும்

மியான்மரில் யாங்கோனிலிருந்து தவுங்ஜிக்குக் கல்யாணத்துக்குப் போனோம். இரவு பஸ். மெய்க்தீலா வரை அத்தை ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தார். கலோ மலை வளைவுகள் தொடங்கியதும் பேச்சு நின்றது. எலுமிச்சம்பழத்தை மூக்கைவிட்டு எடுக்கவில்லை. அப்புறம்தான், "அந்த மாத்திரையக் குடு தம்பி" என்றார்.

அதற்குள் நேரம் போய்விட்டதே! டைமென்ஹைட்ரினேட் என்ற அந்தப் பயணக் குமட்டல் மாத்திரையை வண்டி ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் வந்தபின் போட்டால் பஸ்காரர் கொடுத்த பைக்குள்தான் போகும். போனது.

இது அடிப்படையில் அலர்ஜி மருந்து. 1947இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தோல் தடிப்புக்காக இதைச் சாப்பிட்ட ஒரு பெண்மணிக்கு, டிராமில் வழக்கமாக வரும் குமட்டல் நின்றுபோனது. அப்படித்தான் இந்தப் பயன் தெரியவந்தது. ஆனால் தூக்கம் தராத புது அலர்ஜி மாத்திரைகள் மூளைக்குள் அதிகம் போவதில்லை. அவை இதற்கு உதவாது.

"தினமும் ஒண்ணு போட்டா தலைசுத்தலும் நிக்குமா?" என்றும் கேட்டார். வேண்டாம் அத்தை. படுக்கையில் புரளும்போது சுற்றுவது பெரும்பாலும் உள்காதில் இடம் மாறிய துகள்களால். டாக்டர் தலையைத் திருப்பிச் செய்யும் பயிற்சிதான் அதற்குச் சரி. வயதானவர்களுக்கு இந்த மாத்திரை குழப்பத்தையும் தரும்.

திரும்பும்போது முன்கூட்டியே ஒன்று கொடுத்தேன். மெய்க்தீலாவில் எழுப்பினால், "கலோ வந்துடுச்சா?" என்கிறார்.