கருப்பட்டி வேர்க்கும் மாதத்தில் போகிற மெயில்

திசையன்விளைப் பக்கம் எங்கள் ஊர். கருப்பட்டி, சுக்குக் கருப்பட்டி, பனங்கற்கண்டு, இந்த மூன்றை மட்டும் இணையத்தில் விற்கிறேன். அப்பா பனையேறியாக இருந்தவர். இன்றைக்கும் சரக்கு வருவது சொந்தக்காரர்களின் விடிலிகளில், அதாவது பதநீர் காய்ச்சுகிற ஓலைக் குடிசைகளில் இருந்துதான். பங்குனி, சித்திரையில் பதநீர் நன்றாக இறங்கத் தொடங்கினால் ஆடி வாக்கில் ஓய்ந்துவிடும். அந்தச் சில மாதங்களில் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுத்ததைத்தான் வருஷம் முழுக்க விற்க வேண்டும்.

சின்ன இணையக் கடைக்கு ஆள் வரவழைக்க என்ன செய்கிறாய் என்று தோழிகள் கேட்கிறார்கள். மெயில் எழுதுகிறேன். முக்கால்வாசி வேலை அதுதான். காப்பிக்கு மட்டும் கருப்பட்டி போடுகிற வீட்டில் ஒரு கிலோ இரண்டு மூன்று மாதம் ஓடும். அது தீர்வதற்குள் எங்கள் கடையின் பெயர் மறந்துபோகும். திரும்பத் தேடினால் முதலில் கண்ணில் படுவது விளம்பரத்துக்குப் பணம் கட்டியவர்கள். இன்ஸ்டாகிராமில் படம் போட்டாலும் அதை யாருக்குக் காட்டுவது என்று முடிவெடுப்பது நாம் இல்லை. மெயில் முகவரியோ, வாங்கியவரே விரும்பித் தந்தது. அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தள்ளுபடி மெயில் நான் அனுப்புவதில்லை. காலையும் மாலையும் ஒருவர் மரம் ஏறி, கலயத்தில் சுண்ணாம்பு தடவி, இறக்கிய பதநீரை அவர் வீட்டுப் பெண்கள் விறகுப் புகையில் நின்று காய்ச்சுகிறார்கள். அந்த விலையில் குறைக்க எதுவும் இல்லை. குறைத்தால் யாரோ ஒருவர் கூலியில்தான் கை வைக்க வேண்டும், இல்லையென்றால் சீனி கலக்க வேண்டும். இரண்டும் எனக்கு வேண்டாம்.

அப்படியானால் என்ன எழுதுவது? இதற்கு வழி காட்டியது அம்மா. “மழைக்குக் கருப்பட்டி வேர்த்துச்சுன்னா பாதிப் பேரு கெட்டுப்போச்சுன்னு தூரப் போட்டிருவாவ. அதை எழுதுட்டி மொதல்ல” என்றாள். ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் அதை அப்படியே எழுதினேன். காற்றில் இருக்கிற ஈரத்தைக் கருப்பட்டி இழுத்துக்கொள்ளும், மேலே பிசுபிசுப்பாகும், அது கெட்டுப்போன அடையாளம் இல்லை. வெயில் முகம் காட்டுகிற நாளில் காயவைத்து, காகிதத்தில் பொதிந்து, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அல்லது மொத்தமாகப் பாகு காய்ச்சி வடிகட்டி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். மெயில் அவ்வளவுதான். வேர்த்த கருப்பட்டி எப்படி இருக்கும், பூசணம் பிடித்தது எப்படி இருக்கும் என்பதைப் படம் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். அந்தப் படங்களைக் கடையின் பக்கத்தில் போட்டு, லிங்க் ஒன்றே ஒன்று கொடுத்தேன்.

புதுச் சரக்கு வந்திருக்கிறது என்று சொன்ன மெயிலைவிட இதற்கு அதிகம் பேர் உள்ளே வந்தார்கள். ஒவ்வொரு மெயிலின் லிங்க்கிலும் யூடிஎம் என்கிற சிறு வாலைச் சேர்த்துவிடுவேன். எந்த மெயில் வழியாக எத்தனை பேர் வந்தார்கள் என்பது, தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கிற கூகுள் அனலிட்டிக்ஸில் தெரிந்துவிடும். வந்தவர்களில் பலர் படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே ஆர்டரும் போட்டார்கள். மும்பையில் இருந்து ஒரு அக்கா, “நல்லவேளை தங்கச்சி, குப்பையில போட எடுத்து வச்சிருந்தேன்” என்று பதில் எழுதியிருந்தார். ஏற்கெனவே வாங்கிய பொருள் வீணாகாமல் பார்த்துக்கொள்கிற கடையை மக்கள் நம்புகிறார்கள். நான் இந்தத் தொழிலில் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

அதற்குப் பிறகு மெயில்களை எல்லாம் சமையலறைப் பக்கம் திருப்பினேன். திருக்கார்த்திகைக்கு முன்னால் ஓலைக் கொழுக்கட்டை: குருத்தோலை கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பது வரைக்கும். பெண்பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு உளுந்தங்களி: ஒரு பங்கு மாவுக்குக் கருப்பட்டிப் பாகு எவ்வளவு, நல்லெண்ணெய் எப்போது ஊற்ற வேண்டும். பங்குனிக்கு, “மரம் ஏற ஆரம்பித்தாயிற்று” என்று ஒரு மெயில். இப்படி ஒரு காரணம் இருந்தால் மட்டுமே எழுதுகிறேன். வாரம் ஒன்று அனுப்பியே ஆக வேண்டும் என்கிற கணக்கெல்லாம் எங்கள் பொருளுக்குப் பொருந்தாது. பனை அப்படி வேலை செய்வதில்லை.

எல்லாருக்கும் எல்லா மெயிலும் போகாது. துபாய், சிங்கப்பூர்க்காரர்கள் எங்கள் பட்டியலில் உண்டு. வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவு சரக்கு விலையையே தாண்டும். ஆனால் அவர்களில் பலரும் ஆர்டர் போடுவது ஊரில் இருக்கிற அப்பா அம்மாவுக்கு. அவர்களைத் தனியாகப் பிரித்து, “வள்ளியூருக்கும் நாங்குநேரிக்கும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறோம்” என்று எழுதுகிறேன். அந்த ஒரு வரிதான் அவர்களுக்குத் தேவை.

தொழில்நுட்பப் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். கடை பெயரிலேயே டொமைன் (இணைய முகவரி) வாங்கி, அந்த முகவரியில் இருந்து அனுப்புங்கள். இலவச ஜிமெயில் முகவரியை வைத்து மொத்த மெயில் அனுப்பும் சேவைகளில் ஓட்டாதீர்கள். 2024 பிப்ரவரியில் இருந்து ஜிமெயிலும் யாஹூவும் கெடுபிடி காட்டுகின்றன. மெயில் உண்மையிலேயே நம்மிடம் இருந்துதான் வருகிறது என்று காட்டுகிற எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்கிற பதிவுகளை டொமைனில் சேர்த்து வைக்க வேண்டும். ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். நாம் அவ்வளவு அனுப்பப் போவதில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள், நல்லது. ஸ்பேம் என்று அழுத்துகிறவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது என்பதும் அவர்கள் வைத்த கோடு. அதனால் “இனி வேண்டாம்” என்கிற லிங்க்கை மெயிலின் தலையிலேயே வைக்கிறேன். விலகுகிறவர் விலகட்டும், கோபத்தில் ஸ்பேமில் தள்ளினால் மற்றவர்களுக்குப் போகிற மெயிலும் ஸ்பேமில் விழத் தொடங்கும்.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 102 கேபி தாண்டினால் ஜிமெயில் மெயிலின் மீதியை மறைத்துவிடும். ஆங்கில எழுத்து ஒரு பைட் எடுக்கிற இடத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுக்கும். ‘கொ’ என்றால் ககரத்துக்கு மூன்று, அந்த ஒகரக் குறிக்கு மூன்று. கூடவே அலங்கார டெம்ப்ளேட்டையும் ஏற்றினால் சீக்கிரம் எல்லை வந்துவிடும், கீழே இருக்கிற லிங்க் கண்ணில் படாமலே போகும். தலைப்பும் அப்படித்தான். போனில் மூன்று நான்கு தமிழ்ச் சொல்தான் தெரியும். முக்கியமான சொல்லை முதலில் வையுங்கள்.

எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்கிற எண்ணை நான் பார்ப்பதில்லை. 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதிக்குப் பிறகு, ஆப்பிள் மெயில் வைத்திருப்பவர் படிக்காவிட்டாலும் திறந்ததாகக் காட்டக்கூடும். உள்ளே வந்தவர்களும் பதில் எழுதியவர்களும்தான் என் கணக்கு.

முகவரி சேர்ப்பதில் மட்டும் யாரும் குறுக்கு வழி பார்க்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பட்டியலை விலைக்குத் தருகிறோம் என்று வருவார்கள். வாங்காதீர்கள். ஆர்டர் பக்கத்தில் “பருவத்துக்கு மெயில் அனுப்பட்டுமா?” என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன், அதில் டிக் போட வேண்டியது வாங்குகிறவர்தான், நானே முன்கூட்டிப் போட்டு வைப்பதில்லை. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்பதும் தெளிவான சம்மதத்தைத்தான். பார்சலுக்குள் மைனி (அண்ணன் மனைவி) வைக்கிற சீட்டிலும் அந்தக் கேள்வியையும் ஒரு க்யூஆர் கோடையும் அச்சடித்திருக்கிறோம். காப்பி போடும்போது அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்துச் சேர்கிறவர்கள்தான் பட்டியலில் நீண்ட நாள் தங்குகிறார்கள்.