புது குரு பெசாரா?

இந்தத் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குத் தலைமையாசிரியராக, மலாயில் சொன்னால் 'குரு பெசாராக', வந்து மூன்று வாரம். கோப்பு பார்த்தது போதுமென்று நேற்று சாயங்காலம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் நடந்தேன். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரம். எங்கு திரும்பினாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை.

ஒட்டுக்கடையில் உட்கார்ந்ததும் ஒரு பாட்டி பிடித்துக்கொண்டார். "புது குரு பெசாரா? எத்தன வருசம் இருப்பீங்க? வர்றவங்க எல்லாம் டவுன்ல வீடு எடுத்துக்கிட்டு, அப்புறம் மாத்தலாகிப் போயிடுறாங்க."

சிரித்துச் சமாளித்தேன். நானும் டவுனில்தான் குடியிருக்கிறேன்!

பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்றது 1923 தொழிலாளர் சட்டம். இன்று 150 பேருக்குக் குறைந்தால் 'குறைந்த மாணவர் பள்ளி' என்று பெயர். எங்களுக்கு அந்த 150 எட்டாக் கனி. பிள்ளை பெற்றவர்கள் வேலை தேடி வெளியேறிவிட்டால் பள்ளி மட்டும் என்ன செய்யும்?

குடித்த தே ஓவுக்கு (பால் சேர்க்காத தேநீர்) காசு நீட்டினேன். கடைக்கார அண்ணன் வாங்கவில்லை. "வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்கு வாங்க சார். உங்க மீட்டிங்குக்கு வராத அப்பா அம்மா எல்லாம் அங்க இருப்பாங்க."

பெட்டியைக் கிளறி வேட்டியை எடுத்து வைத்துவிட்டேன்.