ட்ராம் ஷெட்டுக்குள்ள ஒரு சனிக்கிழமை காலை

டொரண்டோவுக்கு வந்த முதல் குளிர்காலம், பையனுக்கு மூணு வயசு, வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்து ரெண்டு பேருக்கும் மூச்சு முட்டுது. பார்க்குக்குப் போகலாம்னா மைனஸ் பதினெட்டு, மால்ல எத்தனை நாள்தான் சுத்துறது. அப்பதான் எதிர் வீட்டுப் பெரியவர் "சனிக்கிழமை காலைல பார்ன்ஸுக்குக் கூட்டிட்டுப் போ, உள்ள சந்தை நடக்கும்"னு சொன்னார். நான் பார்ன்னு கேட்டதும் ஏதோ மாட்டுத் தொழுவம்னுதான் நினைச்சேன்.

செயின்ட் கிளேர் மேற்குல கிறிஸ்டி ஸ்ட்ரீட்ல இறங்குனா ஒட்டி ஒட்டி அஞ்சு நீளமான செங்கல் ஷெட். விச்வுட் பார்ன்ஸ். கதவைத் தள்ளிட்டு உள்ள போனா ஒரு முழுத் தெருவையே தூக்கி கூரைக்கு அடியில வச்ச மாதிரி இருக்கு, அந்த இடத்துக்குப் பேரே கவர்ட் ஸ்ட்ரீட்தான், உயரமான கூரை, மேல கண்ணாடி வழியா வெளிச்சம் இறங்குது, ரெண்டு பக்கமும் ஆப்பிள், தேன், ரொட்டின்னு கடை போட்டு விவசாயிங்களே நிக்கிறாங்க. பனி ஒட்டின பூட்ஸோட எல்லாரும் நடந்து தரை பூரா ஈரம். என் பையன் ஜாக்கெட்டைக் கழட்டி என் கைல குடுத்துட்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடுறான், யாரும் ஒரு வார்த்தை சொல்லல. ஒரு பாட்டி ஆப்பிள் துண்டு ஒண்ணு நறுக்கி அவன் கைல குடுத்தாங்க. அந்த ஊருக்கு வந்து மூணு மாசத்துல ஒரு பைசா செலவு பண்ணாம நாலு மனுஷங்களோட நின்னு பேசுன முதல் இடம் எனக்கு அதுதான்.

அப்புறம்தான் இதோட கதையைத் தேடிப் படிச்சேன். 1891-ல டொரண்டோவுல ட்ராம் ஓட்டுற உரிமையை ஒரு தனியார் கம்பெனிக்கு 30 வருஷத்துக்குக் குடுத்திருந்தாங்க. நகரம் வளர்ந்துச்சு, பக்கத்துப் பகுதிங்க எல்லாம் வந்து சேர்ந்துச்சு, அங்கயும் லைன் போடுங்கன்னு கேட்டா ஒப்பந்தம் போட்டப்ப இருந்த எல்லைக்கு வெளில வரமாட்டோம்னு கம்பெனி சொல்லிடுச்சு, கேஸ் போட்டும் கம்பெனிதான் ஜெயிச்சுது. சரி நாங்களே ஓட்டிக்கிறோம்னு மாநகராட்சி தானே இறங்கி செயின்ட் கிளேர்ல 1913-ல ட்ராம் விட்டுச்சு, அந்த வண்டிங்களை நிறுத்தி ரிப்பேர் பார்க்கக் கட்டுனதுதான் முதல் ஷெட். 1921-க்குள்ள அஞ்சும் கட்டி முடிச்சாச்சு, அதே வருஷம் எல்லா லைனும் டிடிசிங்கிற நகரப் பொதுப் போக்குவரத்து அமைப்போட கைக்குப் போச்சு. தனியார் வரமாட்டேன்னு சொன்ன இடத்துக்கு ஜனங்க வரிப்பணத்துல வந்த கட்டடம் இது, இதை நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன், ஏன்னு கீழ சொல்றேன்.

1978-ல ஷெட்டை மூடிட்டாங்க. அப்புறம் ரொம்ப வருஷம் பூட்டுதான், ஜன்னல் உடைஞ்சு ஒழுகிக்கிட்டு கிடந்திருக்கு. என்ன பண்றதுன்னு பேச்சு வந்தப்ப தெருவே ரெண்டாப் பிரிஞ்சுச்சாம். மொத்தத்தையும் இடிச்சுட்டு முழுசா பசும்புல் பார்க் வேணும்னு ஒரு கூட்டம், கட்டடத்தைக் காப்பாத்தி ஜனங்களுக்குத் திறந்து விடணும்னு ஒரு கூட்டம். எதிர் வீட்டுப் பெரியவர் அப்ப இடிக்கச் சொன்ன பக்கம். இன்னைக்கும் சனிக்கிழமை ஆனா வீட்டு வாசல்ல கார் நிறுத்த இடமில்லன்னு குறைபடுவார். அது நியாயமான குறைதான், வெளியாளுங்க வண்டி வந்து அடைச்சுக்கிறது நிஜம், அதுக்கு இன்னும் யாரும் ஒழுங்கா ஒரு வழி பண்ணல.

ஆர்ட்ஸ்கேப்ங்கிற லாப நோக்கில்லாத அமைப்பு நகரத்துக்கிட்ட குத்தகைக்கு எடுத்து, 2008 நவம்பர்ல திறந்தாங்க, மொத்தம் 60,000 சதுர அடி. ஒரு ஷெட்டுல 26 கலைஞர் குடும்பங்களுக்கு வீடும் வேலை செய்ற இடமும் சேர்ந்த மாதிரி, வாடகை வெளி மார்க்கெட்டை விடக் கம்மி. ராத்திரியும் அங்க லைட் எரியுது, துணி காயுது, புள்ளைங்க சைக்கிள் ஓட்டுது, அதனாலதான் மத்த கலாசார மையம் மாதிரி ஆறு மணிக்கு மேல பேய் வீடா ஆகிடல. ரெண்டாவதுதான் நான் சொன்ன சந்தைத் தெரு. இன்னொண்ணுல தி ஸ்டாப்னு ஒரு உணவு அமைப்பு, கண்ணாடி வீட்டுல நாத்து வளர்க்குது, சமையல் சொல்லித் தருது. வேற ஒண்ணுல சின்னச் சின்ன அமைப்புங்களோட ஆபீஸ். அஞ்சாவதோட கூரையை எடுத்துட்டு தோட்டமாக்கிட்டாங்க, சுவர் மட்டும் நிக்குது. பூமிக்கு அடியில இருக்கிற சூட்டை எடுத்து கட்டடத்தைச் சூடாக்குறாங்க, மழைத்தண்ணியைப் பிடிச்சு டாய்லெட்டுக்கு விடுறாங்க.

எங்க அம்மா ஒரு கோடைல வந்திருந்தாங்க. இங்கிலீஷ் வராது, யாரோட பேசுறதுன்னு ஜன்னல் ஓரமா உக்காந்துட்டே இருப்பாங்க. அப்ப தி ஸ்டாப் அங்க ஊர் ஊருக்கு ஒரு பாத்தின்னு பிரிச்சு வச்சிருந்துச்சு, சோமாலி, சீனம், இத்தாலி, போலந்துன்னு, அதுல தெற்காசியப் பாத்தியும் ஒண்ணு. அம்மா நேரா போய் வெண்டைச் செடி முன்னாடி நின்னாங்க. ஒரு காயைப் பிடிச்சு நுனியைக் கிள்ளிப் பார்த்தாங்க, பட்டுன்னு ஒடியல, வளைஞ்சுது. "முத்திப் போச்சு, நாலு நாள் முன்னாடியே பறிச்சிருக்கணும்"னு தமிழ்லயே சொன்னாங்க, பக்கத்துல களை பிடுங்கிட்டிருந்த பஞ்சாபி அம்மாவுக்கு எப்படிப் புரிஞ்சுதுன்னு தெரியல, ஆமா ஆமான்னு தலையாட்டிட்டு ஒரு கூடையைத் தூக்கி அம்மா கைல குடுத்துட்டாங்க. அன்னைக்கு ஒன்றரை மணி நேரம் நான் பெஞ்சுல உக்காந்து அவங்க ரெண்டு பேரையும் பார்த்துட்டே இருந்தேன். அதுக்கப்புறம் அந்த விசிட் முடியுற வரைக்கும் வாரம் ரெண்டு நாள் அம்மாவே கிளம்பிடுவாங்க, வழி கூடக் கேக்கல.

2023-ல ஆர்ட்ஸ்கேப் கடன்ல மூழ்கி கைவிரிச்சப்ப எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. இவ்ளோ வருஷமா நடத்துனவங்களே விழுந்துட்டா அந்த 26 வீடு, அந்தச் சந்தை எல்லாம் என்னாகும்னு ஏரியா பூரா அதே பேச்சு. ஆனா நிலமும் கட்டடமும் அவங்களோடது இல்ல, நகரத்தோடது. அவங்க குத்தகைதாரர்தான். அதனால கடன் குடுத்தவன் யாரும் வந்து அந்த ஷெட்டை ஃபிளாட் கட்டுறவனுக்கு வித்துட முடியாது. நடத்துறவங்க மாறலாம், பத்திரத்துல பேர் மாறல. பழைய கட்டடத்தைக் காப்பாத்தப் போராடுற யாரைப் பார்த்தாலும் நான் கேக்குற முதல் கேள்வி இப்ப இதுதான், பத்திரம் யார் பேர்ல இருக்கு? பெயிண்ட், கஃபே, போட்டோ எடுக்க அழகான செங்கல் சுவர் எல்லாம் பிறகு. 1913-ல நாங்களே பண்ணிக்கிறோம்னு மாநகராட்சி எடுத்த முடிவுதான் நூறு வருஷம் கழிச்சு அந்த வீட்டுக்காரங்களுக்கு குடை பிடிச்சுதுன்னு நான் நம்புறேன்.

போன சனிக்கிழமையும் போயிருந்தோம். பையன் இப்ப என் தோளைத் தாண்டிட்டான், ஆப்பிள் பை அவன்தான் தூக்குறான். கூரை இல்லாத அஞ்சாவது ஷெட்டுக்குள்ள போனோம், புதுசா மழை பெஞ்சு செங்கல் சுவர் பூரா நனைஞ்சிருந்துச்சு, யாரோ ஒரு சின்னக் குழந்தை ஜாக்கெட்டைக் கழட்டி அவங்க அப்பா கைல திணிச்சுட்டு தேங்கின தண்ணில குதிச்சுட்டிருந்துச்சு.